மைனஸ் எழுபத்தொன்றில் ஒரு காணி நெல்

நெய்வேலியை அடுத்த வடக்குத்து என்னும் ஊருக்குப் புறத்தே, முந்திரிக்காடு முடிந்து நெல்வயல் தொடங்குமிடத்தில், கடுங்குளிரை ஆராய்வதற்கென்று ஒரு நிலையம் இருக்கிறது. அதன் முழுப்பெயர் ‘தென்மண்டலக் கடுங்குளிர்ச் செயற்கைக்கோள் நோக்கு நிலையம்’ என்பதாகும். பெயர் நீளமானதாகையால் மதிலின் முகப்பு போதாமல், ‘நிலையம்’ என்னும் சொல் மட்டும் மூலையில் திரும்பிப் பக்கச்சுவரில் எழுதப்பட்டிருக்கிறது. சித்திரை வெயிலில் அப்பெயரைப் படிப்பவர்கள் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மேலே நடப்பது வழக்கம்.

இந்நிலையம் முதலில் இமயமலைச் சாரலில் அமைவதாக இருந்தது. அதிகாரிகள் அங்கே சென்று இரண்டு நாள் தங்கிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள், அவ்விடம் மிகவும் குளிராக இருப்பதால் குளிர் ஆராய்ச்சிக்கு ஏற்றதன்று என்று அறிக்கை எழுதினார்கள். செயற்கைக்கோள் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து எல்லா ஊரையும் ஒன்றுபோலவே பார்க்கிறது. ஆகவே அதன் படத்தைப் பார்ப்பவர்கள் எங்கே உட்கார்ந்திருந்தாலும் குற்றமில்லை என்பது அவர்கள் கண்ட முடிபு. நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது; பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது; இயக்குநர் முனைவர் மருதாசலம் அவர்களின் துணைவியாருக்கு மூட்டுவலியும் இருந்தது. நிலையம் வந்து சேர்ந்தது.

வந்து நான்காண்டுகள் ஆயின. ஆண்டுதோறும் மேலிடத்துக்கு ஓர் அறிக்கை போகும்: ‘இவ்வாண்டு இப்பகுதியில் கடுங்குளிர் இல்லை.’ நான்காம் ஆண்டு அறிக்கையின் ஓரத்தில் மேலிடம் பச்சை மையால் ஒரு கேள்விக்குறி இட்டுத் திருப்பி அனுப்பியது. அக்கேள்விக்குறியைக் கண்ட நாளிலிருந்து இயக்குநருக்குச் சோறு இறங்கவில்லை.

இவற்றுள் ஒன்றும் தனகோட்டிக்குத் தெரியாது. அவன் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. நிலையத்து மதிலுக்கு மேற்குப்புறம் அவனுக்கு ஒரு காணி நிலம் உண்டு. ஆண்டு முழுதும் அவன் வீட்டு உலையில் கொதிப்பது அந்தக் காணியில் விளையும் சம்பா நெல்தான். அவனைப் பொறுத்தமட்டில் நிலையம் என்பது ஒரு பூட்டு. மேற்கேயுள்ள வயல்களின் மழைநீர் வடியும் வாய்க்கால் நிலையத்து வளாகத்தினூடே புகுந்து கிழக்கே ஓடையில் விழுகிறது. மதில் எழுப்பியபோது வாய்க்காலை அடைக்கலாகாது என்று ஊரார் மறித்து நின்றமையால், சுவரின் அடியில் ஓர் இரும்பு ஷட்டரை வைத்து, அதற்கொரு பூட்டும் போட்டு, சாவியை இயக்குநரின் மேசை இழுப்பறையில் வைத்தார்கள். மழைக்காலத்தில் கேட்டால் திறந்துவிடுவது என்று பேச்சு. கேட்டபோதெல்லாம் திறந்துதான் விட்டார்கள். அப்போதெல்லாம் தண்ணீர், தண்ணீராகவே இருந்தது.

இவ்வாண்டு கார்த்திகைக் கடைசியில் வங்கக்கடலில் ஒரு புயற்சின்னம் தோன்றியது. அது கரையேறவுமில்லை, கலைந்து போகவுமில்லை. கடலூருக்கு நேரே நின்றுகொண்டு திங்களும் செவ்வாயும் கொட்டித் தீர்த்தது. புதன்கிழமை விடிந்தபோது தனகோட்டியின் மனைவி பெரியநாயகி வரப்பிலிருந்து ஓடிவந்தாள். முழங்காலுக்கு மேல் சேறு.

“ஏங்க, ஷிப்டுக்குன்னு கெளம்பிடாதீங்க. நேத்து சாயங்காலம்கூட கதிரு தெரிஞ்சிகினு இருந்திச்சி. இப்ப நுனிதான் தெரியிது. பால் புடிக்கிற பயிரு, ஆறேழு நாளு மூழ்கிக் கெடந்தா அவ்ளோதான், பதரு. போயி அந்தச் சாவிய வாங்கினு வாங்க.”

தனகோட்டி மொபெட்டை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனான். வாயிலில் காவலாளி தைரியநாதன் கம்பளிக் கோட்டும் குரங்குக் குல்லாயும் அணிந்து, கையுறைக்குள் விரல்களை விரித்துக்கொண்டு நின்றார். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

“என்னாண்ணே, ஜொரமா?”

“ஜொரமெல்லாம் இல்லப்பா, ஆர்டரு. நேத்தியிலிருந்து இங்க மைனஸ் எழுபத்தொண்ணாம்.”

“அப்பிடின்னா?”

“ஐஸ்பொட்டிக்கு அப்பன்னு வெச்சிக்கயேன். நீ என்னா இப்பிடி வெறும் சட்டையோட வந்துகினு இருக்கிற? உள்ள போனா செத்துப்போவ. சீக்கிரமா போயிட்டு வா.”

வாயிற்றூணில் ஒரு பாதரச வெப்பமானி உண்டு. அதன்மீது கோணிப்பை சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தது. தனகோட்டி அதைப் பார்ப்பதைக் கண்டு தைரியநாதன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அது இருபத்தி நாலு காட்டிச்சி. சஸ்பெண்டு.”

உள்ளே கணிப்பொறித் திரைமுன் அறிவியல் உதவியாளர் பிரபாவதி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கம்பளிச் சால்வை. மேலே மின்விசிறி முழுவேகத்தில் சுழன்றது. தனகோட்டி சாவியைக் கேட்டதும், அவள் திரையில் ஓர் ஊதா வட்டத்தைச் சுட்டிக் காட்டினாள்.

“இதுதாங்க கடலூர் மாவட்டம். இந்த ஊதாவுக்கு நடுவுல உங்க வயல். மைனஸ் எழுபத்தொண்ணு. அந்த டெம்பரேச்சர்ல தண்ணி இருக்காது, ஐஸ்தான் இருக்கும். ஐஸுக்கு ஷட்டர் தொறக்க ரூல் இல்லிங்க.”

“இடுப்பளவு தண்ணியில நின்னுட்டு வர்றேம்மா. பாருங்க, கைலி சொட்டிகினு இருக்குது.”

பிரபாவதி கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “உள்ளபடி சொல்லணும்னா, சாட்டிலைட் பார்க்கிறது மேகத்தோட உச்சிய. பதினாலு, பதினஞ்சு கிலோமீட்டர் ஒசரம். அங்கதான் அந்தக் குளிர். தரையில இல்ல. மேகம் மூடிட்டா கீழ என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது.”

“அத அவருகிட்ட சொல்லுங்களேன்.”

“சொன்னேன். தெரியாத ஒண்ண எப்படி அறிக்கையில எழுதறதுன்னு கேட்டார். தெரிஞ்சது எழுபத்தொண்ணுதானே, அத எழுதுன்னுட்டார்.”

இயக்குநர் மருதாசலம் தனகோட்டியை அன்போடு வரவேற்றார். நான்காண்டுகளில் அவர் அவ்வளவு மகிழ்ச்சியாய் இருந்ததை எவரும் கண்டதில்லை. மேசைமீது இனிப்புப் பெட்டி திறந்திருந்தது.

“எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள்தான் முதல் பாதிக்கப்பட்டவர். சைபீரியாவில்கூட எப்போதாவதுதான் இந்த அளவு வரும். நமக்கு வந்திருக்கிறது! இந்நிலையம் வருவதற்கு முன் இம்மாவட்டத்தில் ஒரு கடுங்குளிராவது பதிவானதுண்டா? இல்லை. ஏன்? பதிவுசெய்ய ஆள் இல்லை.”

“சார், சாவி…”

“தருகிறேன். தராமல் இருக்க நான் என்ன கல்லா? விண்ணப்பம் எழுதுங்கள். ‘நீர் வெளியேற்றக் கோருதல்’ என்று படிவம் இருக்கிறது. அதில் ஏழாவது இனம், நீரின் வெப்பநிலை. அதை நாங்களே செயற்கைக்கோளைப் பார்த்து நிரப்பிவிடுவோம். நிரப்பினால் மைனஸ் எழுபத்தொன்று வரும். மைனஸ் எழுபத்தொன்றில் இருப்பதை நீர் என்று எழுதி நான் கையொப்பமிட்டால், என் பட்டத்தையே திரும்பக் கேட்பார்களே, ஐயா! உங்களுக்கு ஒரு காணி நெல். எனக்கு இருபத்தாறு ஆண்டு சர்வீஸ். நீங்களே சொல்லுங்கள்.”

தனகோட்டி ஓர் இனிப்பை எடுத்துக்கொண்டான். இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்தான். மழை அதைக் கரைத்துவிட்டது.

மறுநாள் ஆய்வுக்குழு வயலுக்கு வந்தது. இயக்குநர், பிரபாவதி, இன்னும் நால்வர். எல்லாரும் பனிப்பிரதேசத்தில் அணியும் தடித்த உடையணிந்து வரிசையாக வரப்பில் நடந்தார்கள். தூறல் விட்டுப் புழுக்கமாயிருந்தது. நால்வரில் ஒருவர் கண்கள் செருகிச் சாய்ந்தார். அவருடைய கோட்டைக் கழற்றிப் பெரியநாயகி முந்தானையால் விசிறிய பிறகு அவருக்கு மூச்சு வந்தது. இயக்குநர் குறிப்பேட்டில், ‘கடுங்குளிரால் ஓர் அலுவலர் மயக்கமுற்றார், பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்கினர்’ என்று எழுதினார்.

வரப்பு ஓரிடத்தில் கரைந்திருந்தது. இயக்குநரின் கால் வழுக்கி வயலுக்குள் இறங்கியது. தொடைவரை நனைந்து நின்றார். தெய்வமே இறங்கிவந்து அவரைத் தள்ளிவிட்டதாகத் தனகோட்டி நினைத்தான்.

“சார், இப்ப பாருங்க சார்! தண்ணிதான சார்?”

தவளையொன்று இயக்குநரின் தொடையருகே நீந்திச் சென்றது. பிறகு அவர் கனிவோடு சொன்னார்.

“இப்படித்தான் சாதாரண மக்கள் ஏமாறுகிறார்கள். தொட்டால் தண்ணீர் போலத்தான் இருக்கிறது. கண்ணால் பார்த்தாலும் தண்ணீர் போலத்தான் இருக்கிறது. ஆனால் தொடுவதும் பார்ப்பதும் யார்? நீங்களும் நானும். நமக்கு உணர்ச்சி உண்டு, சபலம் உண்டு, சளி உண்டு. செயற்கைக்கோளுக்கு இவை உண்டா? அது நம்மைவிட உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். தவிரவும், என் கால் குளிர்ச்சியை உணரவில்லை. மரத்துப்போய்விட்டது என்று பொருள்.”

“அந்தத் தவள?” என்றாள் பெரியநாயகி. “அதுக்குமா மரத்துப்போச்சி?”

தவளை நிலையத்தின் ஆய்வு வரம்புக்குள் வராது என்று விடை வந்தது.

வெள்ளிக்கிழமை நிவாரணம் வந்தது. ஒரு லாரி நிறைய முரட்டுக் கம்பளிகள். வீட்டுக்கு ஆறு கம்பளி. கையொப்பம் பெற்றுக்கொண்டு தெருவிலேயே இறக்கிப் போனார்கள். தெருவில் முழங்காலளவு நீர். கம்பளிகள் நீரைக் குடித்து எருமைக்கன்றுகளைப்போல் கனத்துக் கிடந்தன. பெரியநாயகி அவற்றை ஒவ்வொன்றாகச் சுருட்டி, சேற்றைப் பூசி, மேட்டுவயல் தண்ணீர் தன் வயலில் இறங்கிக்கொண்டிருந்த உடைப்பில் வைத்து மிதித்தாள். உடைப்பு அடங்கியது. நீர்மட்டம் அதற்குமேல் ஏறவில்லை. நான்காண்டுகளில் நிலையத்தால் ஊருக்கு நேர்ந்த நன்மை அது ஒன்றுதான். மாலையில் அதற்கு ஒரு விளக்கம் கேட்டு ஓலை வந்தது: ‘உடல்வெப்பம் காக்க வழங்கப்பட்ட கம்பளியைப் பனிக்கட்டிக்குப் போர்த்தியது ஏன்?’

மட்டம் ஏறவில்லையே தவிர, வடியவுமில்லை. சனிக்கிழமை தனகோட்டி ஒரு குடத்தில் வயல் தண்ணீரை மொண்டு, மொபெட்டில் கட்டி எடுத்துச்சென்று இயக்குநரின் மேசைமீது வைத்தான். இயக்குநர் விரலை விட்டுப் பார்த்தார். “வழியில் உருகியிருக்கிறது” என்றார்.

“இது வயல்லியே இப்பிடித்தான் சார் இருந்திச்சி.”

“அதற்குச் சான்று?”

“நான்தான் சார் சான்று!”

“நீங்கள் மனுதாரர் ஆயிற்றே. உறைந்த நிலையில் கொண்டுவாருங்கள். அது எம் கண்ணெதிரே உருகட்டும். உருகல் சான்றிதழ் தருகிறோம். அச்சான்றிதழ் கிடைத்தால், உருகியது நீர் என்று ஆகிறது. நீர் என்று ஆனால் ஷட்டர். எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. மக்களுக்குத்தான் பொறுமை இல்லை.”

தனகோட்டி வாயிலுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தான். நான்கு நாளாக அவன் ஷிப்டுக்குப் போகவில்லை. நான்கு நாளாகப் பயிர் தண்ணீருக்கடியில் இருந்தது. தைரியநாதன் கையுறையைக் கழற்றிவிட்டு அவன் தோளில் கையை வைத்தார்.

“டேய் தம்பி, அந்தாளு கேக்கறது ஐஸுதான? ஐஸ குடுத்துடு. நாளைக்கு ஞாயித்துக்கெழம. குறிஞ்சிப்பாடி மீன் மார்க்கெட்ல ஐஸுக்கட்டிய நீளநீளமா, பாரு பாரா எறக்குவான். பாதி பாரு வாங்கினு வா. வயல்லேர்ந்து வெட்டினேன்னு சொல்லு. அவுங்க எதிர்ல உருகட்டும். சர்ட்டிபிகேட்ட வாங்கு. என்னா கெட்டுப்போச்சி?”

“பொய்யி ஆவுமே, அண்ணே.”

“நெசத்த ஒரு கொடம் மொண்டு எடுத்தாந்தியே, வாங்கினானா?”

தனகோட்டி பொய் சொல்லி அறியாதவன் அல்லன். லீவுக்கு இரண்டு மாமன்களைக் கொன்றிருக்கிறான். ஆனால் தண்ணீரைத் தண்ணீர் என்று நிறுவுவதற்கு ஐஸைக் கொண்டுபோகும் இந்தப் பொய் அவனுக்குத் தலைசுற்றலை உண்டாக்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதி பார் ஐஸை வாங்கி, மரத்தூள் தூவிக் கோணியில் சுற்றி, குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரே விரட்டாக வந்து சேர்ந்தான். கடுங்குளிர் அவசர நிலை என்பதால் நிலையத்துக்கு விடுமுறை இல்லை.

கோணியைப் பிரித்ததும் இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார். அவர் கண்கள் நிறைந்தன. ஐஸை இரு கைகளாலும் தடவினார். அதில் ஒட்டியிருந்த மீன்செதில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, “உள்ளே உயிரினம் உறைந்திருக்கிறது” என்று தழுதழுத்தார்.

“உங்க எதிர்லயே உருகுது சார். பாருங்க, சொட்டுது. சர்ட்டிபிகேட்டு…”

“உருகுவதா!” என்று இயக்குநர் அலறினார். “இந்தியாவின் தென்பகுதியில் கிடைத்த முதல் மாதிரி. இதை உருகவிடுவதா? பிரபாவதி, உறைபெட்டியைத் திற!”

நான்கு பேர் தாங்கிச் சென்று ஐஸைக் கண்ணாடிமூடி போட்ட உறைபெட்டிக்குள் வைத்தார்கள். கீழே ஓர் அட்டை எழுதி ஒட்டினார்கள்: ‘வடக்குத்துப் பனிக்கட்டி. கண்டெடுத்தவர்: தனகோட்டி. உருகவிடலாகாது.’ அதற்குப் பூட்டும் போட்டார்கள். சாவி அதே இழுப்பறைக்குள் சென்றது.

“ஐயா, உண்மையச் சொல்லிடுறன்” என்று தனகோட்டி கைகூப்பினான். “அது மீன் மார்க்கெட்டு ஐஸு. நான்தான் வாங்கியாந்தேன். என் வயல்ல இருக்கறது தண்ணி.”

இயக்குநர் அவனை அணைத்துக்கொண்டார். “தன்னடக்கம்! வேண்டாம், பெருமையை மறுக்காதீர்கள்.”

வெளியே வந்தபோது, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லிவிட்டு வந்ததைத் தனகோட்டி உணர்ந்தான். அன்று வீட்டுக்குப் போய்ப் பெரியநாயகியின் முகத்தைப் பார்க்க அஞ்சி, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். கதிர்நுனிகள்கூட இப்போது மேலே தெரியவில்லை. பயிர் தண்டு நெகிழ்ந்து உள்ளேயே சாயத் தொடங்கியிருந்தது. பெரியநாயகி வந்து பக்கத்தில் நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை.

“எதுக்கு அங்க போயிப் போயி நிக்கறீங்க?” என்றாள். “அவுங்களுக்கு அது ஐஸா இருந்தாதான் சோறு.”

திங்கட்கிழமை மேகம் கலைந்தது. பளீரென்று வெயில். தனகோட்டி பிரபாவதியிடம் ஓடினான். மேகம் போனபின் செயற்கைக்கோள் தரையைப் பார்த்தாக வேண்டுமே! பார்த்தது. முப்பத்தொன்று என்று காட்டியது. ஐஸ் உருகிவிட்டது என்று இனி எவரும் மறுக்க முடியாது.

இயக்குநர் மறுக்கவில்லை. சிந்தித்தார். “ஒரே நாளில் நூற்றிரண்டு டிகிரி ஏற்றம். இவ்வளவு விரைவில் பனிக்கட்டி உருகுவதற்கு நேரம் எங்கே இருக்கிறது? திடநிலையிலிருந்து நேரே ஆவியாகப் போயிருக்கும். பதங்கமாதல் என்பார்கள்; கற்பூரம் போவதில்லையா? ஆகவே இடையில் நீர் என்னும் நிலை ஏற்படவேயில்லை. உங்கள் வயல் இப்போது உலர்ந்திருக்கிறது. வாழ்த்துகள். கோப்பை முடித்துவிட்டேன்.”

முதல்முறையாகத் தனகோட்டிக்கு அவர்மீது சினம் வரவில்லை, அச்சம் வந்தது. ஆறு நாளாக ஒரு மனிதனிடம் பேசிக்கொண்டிருப்பதாக அவன் எண்ணியிருந்தான்.

செவ்வாய்க்கிழமை நிலையத்தில் விழா. டில்லியிலிருந்து மேலதிகாரி வந்திருந்தார். கேள்விக்குறி இட்டவர் அவரே. வளாகத்துக்குள் வாய்க்கால் ஓடும் தடம்தான் சமதளமாகப் புல்முளைத்து அழகாயிருந்தது. நீர் இல்லையென்று கோப்பு முடிந்திருந்தமையால் அங்கேயே பந்தல் போட்டு, இருநூறு நாற்காலி பரப்பி, உறைபெட்டியை மேடையருகே காட்சிக்கு வைத்திருந்தார்கள். கண்டெடுத்தவர் என்ற முறையில் தனகோட்டிக்கு அழைப்பிதழ் வந்திருந்தது. அவன் உள்ளே போகவில்லை. மதிலின் வெளிப்புறம், மார்பளவு தண்ணீரில், கையில் கடப்பாரையோடு நின்றான். பெரியநாயகியும் உடன் நின்றாள்.

தைரியநாதன் மதிலோரம் சுற்றிக்கொண்டு வந்தவர், இருவரையும் கண்டு நின்றார். கடப்பாரையையும் கண்டார்.

“எனக்கு சாப்பாட்டு நேரம்” என்று பொதுவாக ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார். “ஒரு மணி நேரம் ஆவும். கொழம்பு நல்லாருந்தா ரெண்டு மணிகூட ஆவும்.” போய்விட்டார்.

ஒலிபெருக்கியில் இயக்குநரின் குரல் மதிலைத் தாண்டி வந்தது.

“மாண்புமிகு மேலதிகாரி அவர்களே! மைனஸ் எழுபத்தொன்று! உலகில் வேறெங்கேனும் இக்குளிர் ஊருக்குள் புகுந்திருந்தால் ஆயிரக்கணக்கில் மாண்டிருப்பார்கள். இங்கே ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஒருவருக்கு இருமல்கூட வரவில்லை. காரணம் யாது? நாம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருகணமும் கீழே பார்க்கவில்லை!”

கைதட்டல் கேட்டது. தனகோட்டி அந்த ஓசையோடு ஓசையாகப் பூட்டின்மீது கடப்பாரையை இறக்கினான். ஒருமுறை. இருமுறை. நான்காம் கைதட்டலில் பூட்டு விட்டுக்கொடுத்தது. இருவரும் சேர்ந்து ஷட்டரைத் தூக்கும் சக்கரத்தைத் திருகினார்கள். துரு பிடித்த ஷட்டர் அழுதுகொண்டே மேலேறியது. ஏழு நாள் நின்ற தண்ணீர் முதலில் தயங்கியது. பிறகு ஒரே பாய்ச்சலாக உள்ளே போயிற்று.

ஓடுகிறதா என்று பார்க்கத் தனகோட்டி மதில்மேல் ஏறினான். கண்ட காட்சியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

செந்நிற வெள்ளம் பந்தலுக்குள் நுழைந்து வரிசை வரிசையாக நாற்காலிகளுக்கடியில் சென்றுகொண்டிருந்தது. ஒருவரும் எழவில்லை. முன்வரிசையில் மேலதிகாரி மெல்லக் காலணிகளைத் தூக்கி நாற்காலியின் குறுக்குச் சட்டத்தில் வைத்துக்கொண்டார். அதைக் கண்டு வரிசை முழுவதும் கால்களைத் தூக்கிக்கொண்டது. பின்னால் காலியாயிருந்த நாற்காலிகள் கிளம்பி ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்குநோக்கி மிதந்தன. எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ‘தண்ணீர்’ என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும். ஏழு நாளின் அறிக்கைகள் யாவும் அதே தண்ணீரில் போகும். ஆகவே வந்திருந்த அனைவரும் கால்களை மடக்கிக்கொண்டு, பனிக்கட்டி ஆவியாகிப்போன வரலாற்றைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளம் உறைபெட்டியின் கம்பியைத் தொட்டது. பட்டென்று மின்சாரம் போயிற்று. ஒலிபெருக்கி நின்றது. அப்போதும் இயக்குநர் நிறுத்தவில்லை. கணுக்காலளவு நீரில் நின்றபடி அவருடைய வாய் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

முதலில் எழுந்தவள் பிரபாவதி. செருப்பைக் கையில் எடுத்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெள்ளத்தில் எதிர்நடையாய் மதிலடிக்கு வந்தாள். தனகோட்டி குதித்து ஓடிவிடலாமா என்று பார்த்தான்.

“முழுசாத் தொறந்தாச்சா?” என்று அவள் மேலே பார்த்துக் கேட்டாள்.

“தொறந்தாச்சிம்மா.”

“கெழக்குப் பக்கம் கம்பிவலையில குப்பை அடைச்சிகிட்டிருக்கும். இருங்க, நான் போய் எடுத்துவிடறேன்.”

அவன்மீது நடவடிக்கை ஒன்றும் வரவில்லை. குற்றச்சாட்டு எழுதப் பலமுறை முயன்றார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டாம் வரியில் ‘நீர்’ என்னும் சொல் வந்து குறுக்கே நின்றது. முடிவில், கடுங்குளிரால் இரும்பு நொறுங்கிப் பூட்டு தானே உடைந்தது என்று எழுதி, அதையும் ஒரு கண்டுபிடிப்பாகச் சேர்த்துக்கொண்டார்கள். மேலதிகாரி அறிக்கையின் ஓரத்தில் பச்சை மையால் ‘சரி’ என்று குறித்தார். அடுத்த ஆண்டுக்கு இன்னும் இரண்டு அறைகள் கட்ட ஆணை வந்தது.

ஆனால் அவை பின்னால் நடந்தவை. அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையில், வெயில் இருக்கும்போதே வயலில் தரை தெரிந்துவிட்டது. பயிர் முழுவதும் கிழக்குப் பார்த்துச் சாய்ந்து, சேறு பூசி, தலைசீவியதுபோல் படுத்திருந்தது. புளித்த நாற்றம் எழுந்தது. பெரியநாயகி வரப்பிலேயே நின்றுகொண்டாள். தனகோட்டி இறங்கி, ஒரு கதிரைத் தூக்கிச் சேற்றை வழித்து, ஒரு மணியை நகங்களுக்கிடையே வைத்துக் கிள்ளினான்.

“பால் இருக்குதா?” என்று அவள் கேட்டாள்.

அவன் இரண்டடி நடந்து வேறொரு கதிரைத் தூக்கினான். கிள்ளினான். நடுவயலுக்குப் போய் மற்றொன்று. மேட்டு மூலைக்குப் போய் மற்றொன்று.

“உங்களத்தான் கேக்குறன். என்னா வருது?”

தனகோட்டி விரல்நுனியை வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

“தண்ணி” என்றான். பிறகு குனிந்து அடுத்த கதிரைப் பிடித்தான்.